ஹென்றியின் பகடை மேசை: கிங்டம் கம் கேமில் சூதாடி ஜெயிப்பது எப்படி

கிங்டம் கம்: டெலிவரன்ஸ் கேமை முதல் முறை ஆடியபோது என் கையில் இருந்த காசு முழுவதையும் ஒரே இரவில் ஒரு சாராயக்கடை மேசையில் தொலைத்தேன். எதிரே இருந்தவன் ஒரு குடியானவன். கத்தி இல்லை, கவசம் இல்லை. சட்டையில் சேறு. அவன் அவசரப்படாமல் 300 புள்ளி, 400 புள்ளி என்று சேர்த்துக்கொண்டே போனான். நான் ஒவ்வொரு முறையும் "இன்னும் ஒரே ஒரு உருட்டு" என்று போய் பூஜ்யத்தோடு திரும்பினேன். பகடை எனக்கு மட்டும் சதி செய்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன். பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டபோதுதான் விஷயம் புரிந்தது. அவன் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினான், நான் நிறுத்தவில்லை. வேறு எந்த சூட்சுமமும் கிடையாது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்: எப்போது உருட்டுவது, எப்போது நிறுத்துவது.

கேம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பிராக் நகரத்து வார்ஹார்ஸ் ஸ்டூடியோஸ் 2018 பிப்ரவரியில் வெளியிட்ட ரோல் பிளேயிங் கேம் இது. டிராகன் இல்லை, மந்திரக்கோல் இல்லை. கதை 1403இல், இன்றைய செக் நாட்டில் இருக்கும் பொஹீமியாவில் நடக்கிறது. நாயகன் ஹென்றி ஒரு கொல்லன் மகன். ஊர் எரிந்து, பெற்றோர் செத்து, ராட்டாய் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு மாவாலையில் கண் விழிக்கிறான். வைத்தியச் செலவுக்கு ஆலைக்காரருக்குக் கடன். வாள் பிடிக்கத் தெரியாது, எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. ஆனால் பகடை உருட்டத் தெரியும். கேமின் தொடக்கத்தில் காசுக்கு அல்லாடும் நேரத்தில் நேர்மையாக (சரி, ஓரளவு நேர்மையாக) சம்பாதிக்க இருக்கும் வழிகளில் இது ஒன்று.

காசின் பெயர் க்ரோஷன். அது கற்பனைக் காசு இல்லை. குட்னா ஹோரா சுரங்கத்து வெள்ளியில் 1300இலிருந்து அச்சடித்த நிஜமான பிராக் வெள்ளிக்காசு.

மேசையில் உட்கார்வதற்கு முன்

பகடைக்காரர்களை சாராயக்கடைகளில் தேடுங்கள். உஷிட்ஸ், லெடெட்ச்கோ போன்ற ஊர்க் கடைகளிலும், வழியில் இருக்கும் க்ளேட் விடுதியிலும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். பேச்சுக் கொடுத்து, ஆட்டத்துக்கு அழைத்து, பணயம் எவ்வளவு என்று முடிவு செய்தால் மேசை விரியும். பாதியில் எழுந்தால் பணயம் போய்விடும்.

அதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. மற்ற கேம்களைப் போல இதில் நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது. சொந்தப் படுக்கையில் தூங்கினால் சேவ் ஆகும். இல்லையென்றால் சேவியர் ஷ்னாப்ஸ் என்ற சாராயத்தைக் குடிக்க வேண்டும். கேமை விட்டு வெளியேறும்போதும் ஒரு சேவ் கிடைக்கும், ஆனால் திரும்ப ஏற்றியதும் அது காலி. தோற்றால் பழைய சேவைத் திறந்து கொள்ளலாம் என்ற தைரியம் இங்கே செல்லுபடியாகாது. என் கருத்தில் இந்தப் பகடை ஆட்டத்துக்கு உயிர் வந்ததே இதனால்தான். தோற்ற காசு நிஜமாகவே வலிக்கும்.

பெரிய பணயத்தோடு உட்காரப் போகிறீர்கள் என்றால் ஒரு ஷ்னாப்ஸ் செலவு செய்யலாம், தப்பில்லை. கடையில் விலை அதிகம், நீங்களே காய்ச்சிக்கொள்ளுங்கள். அடிப்படை ஒயின், அதோடு செந்தட்டி இரண்டு பங்கு, பெல்லடோனா ஒரு பங்கு. பெல்லடோனா நிஜ உலகத்தில் விஷச்செடி. ஹென்றிக்கு மட்டும்தான் அது ஒத்துக்கொள்கிறது.

புள்ளிக் கணக்கு

இந்த ஆட்டத்துக்கு வெளியுலகில் ஃபார்க்கிள் என்று பெயர். ஆளுக்கு ஆறு பகடை. உருட்ட வேண்டும், விழுந்ததில் புள்ளி தரும் கட்டைகளை ஒதுக்க வேண்டும், மிச்சத்தை மறுபடி உருட்டலாம் அல்லது நிறுத்தலாம். புள்ளி தருபவை இவை மட்டுமே:

1 விழுந்தால் 100.
5 விழுந்தால் 50.
மூன்று 1 சேர்ந்து விழுந்தால் 1000.
மூன்று 2 என்றால் 200, மூன்று 3 என்றால் 300, இப்படியே 4க்கு 400, 5க்கு 500, 6க்கு 600.
மூன்றுக்கு மேல் அதே எண் கூடும் ஒவ்வொரு கட்டைக்கும் புள்ளி இரட்டிப்பு. நான்கு 3 என்றால் 600, ஐந்து 3 என்றால் 1200, ஆறும் 3 என்றால் 2400.
1 முதல் 5 வரை வரிசை 500. 2 முதல் 6 வரை வரிசை 750. 1 முதல் 6 வரை முழு வரிசை 1500.

தனியாக விழும் 2, 3, 4, 6 வெறும் மரத்துண்டு. இரண்டு 6 சேர்ந்து விழுந்தாலும் மரத்துண்டுதான். தாயக்கட்டையில் தாயம் விழக் காத்திருந்து பழகியவர்களுக்கு 1இன் மதிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இங்கேயும் அதே ஒற்றைதான் ராஜா.

ஒரு முக்கியமான நுணுக்கம்: மூன்று ஒரே எண் என்பது ஒரே உருட்டில் விழ வேண்டும். முதல் உருட்டில் ஒரு 1, அடுத்ததில் இரண்டு 1 என்றால் அது 300தான், 1000 ஆகாது. ஒதுக்கி வைத்த கட்டை புதிதாக விழுந்ததோடு சேராது. புதிதாக ஆடுபவர்கள் இதில்தான் ஏமாறுவார்கள்.

இனி இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். ஒரு முறைக்குள் உருட்டி உருட்டிச் சேர்ப்பதை மேசைப்புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தும்போது அது கணக்கில் ஏறும். கணக்கில் ஏறியதை யாரும் பறிக்க முடியாது. ஆனால் ஏறுவதற்கு முன் ஒரு உருட்டில் புள்ளி தரும் கட்டை ஒன்றுகூட விழாவிட்டால் மேசையில் இருந்த அத்தனையும் புஸ். முறை எதிராளிக்குப் போய்விடும். 2000 போல ஒரு இலக்கு ஆட்டத்தின் தொடக்கத்திலேயே திரையில் தெரியும். அதைக் கணக்கில் முதலில் எட்டுபவர் பணயத்தை அள்ளிக்கொள்வார்.

இன்னொன்று, மறக்கவே கூடாதது. ஆறு கட்டைகளும் புள்ளி தந்து ஒதுங்கிவிட்டால், ஆறும் திரும்பக் கைக்கு வரும். மேசைப்புள்ளி அப்படியே இருக்க, புதிதாக ஆறையும் உருட்டலாம். ஆட்டம் தலைகீழாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

உருட்டினால் என்ன ஆகும்

எத்தனை கட்டை கையில் இருந்தால் புஸ் ஆகும் வாய்ப்பு எவ்வளவு? எல்லா சேர்க்கைகளையும் எண்ணிப் பார்த்தால் வருவது இது. ஆறு கட்டை: 100க்கு 3. ஐந்து: 100க்கு 8. நான்கு: 16. மூன்று: 28. இரண்டு: 44. ஒன்று: 67.

ஆறிலிருந்து நான்கு வரை படி மெதுவாக ஏறுகிறது. மூன்றுக்கு வந்ததும் சடாரென்று செங்குத்தாகிறது. நான் அந்தக் குடியானவனிடம் தோற்ற ஒவ்வொரு முறையும் கையில் இரண்டு கட்டையோ மூன்று கட்டையோதான் இருந்தது.

அடுத்து, உருட்டினால் சராசரியாக எவ்வளவு வரும்? ஆறு கட்டைக்குச் சுமார் 400. ஐந்துக்கு 240. நான்குக்கு 143. மூன்றுக்கு 87. இரண்டுக்கு 50. ஒன்றுக்கு 25. புஸ் ஆகும் உருட்டுகளையும் பூஜ்யமாகச் சேர்த்துப் போட்ட சராசரி இது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிறுத்த வேண்டிய இடம் தானே தெரியும். உதாரணமாக, கையில் நான்கு கட்டை, மேசையில் 900. உருட்டினால் 100க்கு 16 முறை 900 போகும், அதாவது சராசரி இழப்பு சுமார் 142. சராசரி வரவு 143. சரிசமம். 900க்குக் கீழே என்றால் உருட்டலாம், மேலே என்றால் கை கட்டிக்கொள்ளலாம். மூன்று கட்டையோடு 300 இருந்தால் இழப்பு 83, வரவு 87. அங்கேயும் கிட்டத்தட்ட சரிசமம்.

இதில் ஆறும் திரும்பக் கைக்கு வரும் சலுகையையும் சேர்த்தால் எல்லை கொஞ்சம் மேலே போகும். இப்படிச் சேர்த்து நான் மனதில் வைத்திருக்கும் எல்லைகள்: நான்கு கட்டை என்றால் 900, 1000 வரை உருட்டலாம். மூன்று என்றால் 350, 400 வரை. இரண்டு என்றால் 200 வரை. ஒன்று என்றால் 250 வரை. ஐந்து கட்டை என்றால் 3000 தாண்டாதவரை யோசிக்கவே வேண்டாம், உருட்டுங்கள். ஆறு என்றால் எப்போதும் உருட்டுங்கள். மேசைப்புள்ளி இலக்கை எட்டியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. எட்டிய பிறகும் உருட்டுபவனைக் காப்பாற்ற இந்தக் கட்டுரையால் முடியாது.

இரண்டு கட்டைக்கு 200, ஒரு கட்டைக்கு 250 என்பது விசித்திரமாகப் படலாம். கட்டை குறைந்தால் ஆபத்து கூட வேண்டுமே? கூடத்தான் செய்கிறது. ஆனால் ஒற்றைக் கட்டையில் 1 அல்லது 5 விழ மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. விழுந்தால் ஆறும் திரும்பக் கைக்கு வரும், அதன் சராசரி மதிப்பு 400. இரண்டு கட்டையும் புள்ளி தருவது ஒன்பதில் ஒரு முறைதான். இரண்டு கட்டை என்பது திரிசங்கு நிலை: பாதுகாப்பும் இல்லை, பெரிய பரிசும் இல்லை. முடிந்தவரை அங்கே போய் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதை ஒதுக்குவது, எதை விடுவது

புதியவர்களும் பழையவர்களும் பிரியும் இடம் இதுதான். புள்ளி தரும் கட்டைகள் எல்லாவற்றையும் ஒதுக்கியாக வேண்டும் என்று விதி கிடையாது. ஒன்றாவது ஒதுக்கினால் போதும். மிச்சத்தை மறுபடி உருட்டலாம்.

முதல் உருட்டில் 1, 5, 2, 2, 4, 6 விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கை பரபரவென்று 1, 5 இரண்டையும் எடுக்கும். எடுத்தால் 150, கையில் நான்கு கட்டை. 1ஐ மட்டும் எடுத்தால் 100, கையில் ஐந்து கட்டை. அடுத்த உருட்டோடு சேர்த்துக் கணக்கிட்டால் முதல் வழிக்குச் சராசரி 270, இரண்டாவதுக்கு 334. கண்ணுக்கு முன்னால் இருக்கும் 50ஐ விட்டால் 64 கூட வருகிறது. கட்டை நிறைய இருக்கும்போது ஒரு 5க்காக ஒரு கட்டையை இழப்பது நஷ்ட வியாபாரம். இரண்டு 5 விழுந்தாலும் ஒன்றை எடுங்கள், மற்றதைத் திருப்பிப் போடுங்கள். இரண்டு 1 விழுந்தால்கூட ஆறு கட்டை உருட்டில் ஒன்றை மட்டும் எடுப்பதே லாபம். மனசு கேட்காது. எனக்கும் கேட்கவில்லை, பழகிவிட்டது.

இதைவிட மோசமான தூண்டில் மூன்று 2. விழுந்தது 1, 2, 2, 2, 4, 6 என்றால் 300 கண் முன்னால் பளபளக்கும். அதை எடுத்து நிறுத்தினால் 300. மூன்று 2ஐ மட்டும் எடுத்து மூன்று கட்டையை உருட்டினால் சராசரி 231தான் தேறும். 1ஐ மட்டும் எடுத்து, அந்த மூன்று 2ஐயும் தூக்கிப் போட்டு ஐந்து கட்டையாக உருட்டினால் 334. மூன்று கட்டையைத் தின்றுவிட்டு வெறும் 200 தரும் மூன்று 2 இந்த ஆட்டத்தின் மிக அற்பமான சேர்க்கை. மூன்று 3இலிருந்து கதை வேறு, அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. இலக்குக்கு 300தான் குறைகிறது என்றால் அந்த மூன்று 2 தங்கம். 1ஐயும் சேர்த்து எடுங்கள், நிறுத்துங்கள், காசை வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.

அதேபோல் மிச்சம் இருப்பது ஒன்றோ இரண்டோ கட்டைதான், எல்லாமே புள்ளி தருகின்றன என்றால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். அப்போதுதான் ஆறும் திரும்ப வரும். ஒதுக்குவதில் கஞ்சத்தனம் கட்டை நிறைய இருக்கும்போது மட்டும்.

ஒரு முறையை முழுதாக ஆடிப் பார்ப்போம்

முதல் உருட்டு: 1, 3, 3, 4, 6, 6. 1ஐ ஒதுக்கினோம். மேசையில் 100, கையில் ஐந்து.

இரண்டாவது: 5, 2, 2, 4, 6. புள்ளி தருவது 5 மட்டும், வேறு வழியில்லை. மேசையில் 150, கையில் நான்கு. நான்குக்கு எல்லை 900. உருட்டுகிறோம்.

மூன்றாவது: 3, 3, 3, 5. மூன்று 3க்கு 300, 5க்கு 50. நான்கும் புள்ளி தந்துவிட்டன. மேசையில் 500, ஆறு கட்டையும் திரும்பக் கையில். இங்கேதான் பலர் பயந்து நிறுத்துவார்கள். "500 வந்தாச்சு, போதும்." போதாது. புஸ் ஆக 100க்கு 3 வாய்ப்புதான், அதாவது சராசரி இழப்பு 15 சொச்சம். வரவு 400. உருட்டாமல் இருக்கக் காரணமே இல்லை.

நான்காவது: 1, 1, 2, 4, 6, 6. ஒரு 1ஐ ஒதுக்குகிறோம். மேசையில் 600, கையில் ஐந்து. இரண்டு 1ஐயும் எடுத்து 700ஓடு நான்கு கட்டையை உருட்டினால் சராசரி 733. ஒன்றை மட்டும் எடுத்து ஐந்தை உருட்டினால் 796.

ஐந்தாவது: 5, 5, 4, 3, 2. ஒரு 5 எடுத்தால் மேசையில் 650, கையில் நான்கு. இரண்டும் எடுத்தால் 700, கையில் மூன்று. மூன்று கட்டையோடு 700 என்றால் நிறுத்த வேண்டும். நான்கு கட்டையோடு 650 என்றால் எல்லைக்குக் கீழே, உருட்டலாம். சராசரி சுமார் 691, நிறுத்தினால் 700. கணக்கு ஏறக்குறைய சமமாக நிற்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் நான் எதிராளியின் கணக்கைப் பார்ப்பேன். அவன் பின்தங்கியிருந்தால் 700ஐ ஏற்றிவிடுவேன்.

மூன்றாவது உருட்டில் 5க்குப் பதில் 6 விழுந்திருந்தால்? மேசையில் 450, கையில் ஒற்றைக் கட்டை. எல்லை 250. கேள்வியே இல்லை, நிறுத்த வேண்டும். ஒரே ஒரு கட்டை வேறு முகம் காட்டியதில் ஒரே முறை இரண்டு விதமாகப் பிரிந்துபோகிறது.

எதிராளியின் கணக்கு

இதுவரை சொன்ன எல்லைகள் ஆட்டத்தின் நடுப்பகுதிக்குப் பொருந்தும். முடிவு நெருங்கினால் எல்லாம் மாறும்.

இலக்கு 2000. எதிராளி 1950இல் நிற்கிறான். நீங்கள் 1500, மேசையில் 400, கையில் இரண்டு கட்டை. மேலே சொன்ன எல்லைப்படி நிறுத்த வேண்டும். நிறுத்தினால் 1900. அவனுக்குத் தேவை 50, அதாவது முதல் உருட்டில் புஸ் ஆகாமல் இருந்தாலே போதும். 100க்கு 97 முறை அவன் முடித்துவிடுவான். உருட்டினால் உங்களுக்கு 1 விழ வேண்டும், அல்லது இரண்டும் 5ஆக விழ வேண்டும். 36 சேர்க்கைகளில் 12 நேரடியாக ஜெயிக்கும். மூன்றில் ஒன்று எங்கே, 3 சதவீதம் எங்கே? உருட்டுங்கள். எல்லை என்பது புள்ளி சேர்க்க உதவுவது. தோற்கப்போகும் ஆட்டத்தில் புள்ளி சேர்த்து வைத்து என்ன பயன், 1900க்கு யாரும் பாதிப் பணயம் தர மாட்டார்கள்.

எதிர்த்திசையிலும் இதே நியாயம். நீங்கள் 1700, அவன் 600 என்றால் மேசையில் 200 வந்ததும் ஏற்றிவிடுங்கள். அவன் பெரிய உருட்டுக்காகத் துள்ளட்டும். முன்னால் இருப்பவனுக்கு அவசரம் கிடையாது.

எதிராளி இலக்குக்கு 500, 600 தூரத்தில் இருக்கும்போதுதான் முடிவெடுப்பது கஷ்டம். ஒரு நல்ல முறையில் அவன் அதை எட்டலாம், எட்டாமலும் போகலாம். அங்கே நான் எல்லையை ஒரு 100 மட்டும் தள்ளி வைத்துக்கொள்கிறேன். துல்லியமான கணக்கு இல்லை, அனுபவத்தில் ஒத்துவந்தது.

இலக்கு பெரிதாக இருக்கும் ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். குட்டி இலக்கில் ஒரு மூன்று 1 விழுந்தாலே ஆட்டம் முடிந்துவிடும், யார் வேண்டுமானாலும் ஜெயிப்பார்கள். நீளமான ஆட்டத்தில் அதிர்ஷ்டம் சமனாகி, நிறுத்தத் தெரிந்தவன் கை ஓங்கும்.

கள்ளப் பகடை

சாதாரணக் கட்டைகளைத் தவிர தனிப் பெயர்களோடு சில கட்டைகள் கேமில் கிடைக்கும். சிலது வியாபாரிகளிடம், சிலது அடுத்தவர் பையில். ஆட்டம் தொடங்கும்போது உங்கள் ஆறில் எவை என்று தேர்ந்தெடுக்கலாம். இது ஏமாற்று இல்லையா என்றால், ஏமாற்றுத்தான். மேசையில் யாரும் கேட்பதில்லை.

எடையேற்றிய கட்டைதான் இதில் மகாராஜா. அதில் 1 விழ மூன்றில் இரண்டு வாய்ப்பு. மீதி ஐந்து முகங்களும் மிச்சத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். இப்படி மூன்று கட்டை சேர்ந்தால் மூன்றும் 1 காட்டும் வாய்ப்பு 27க்கு 8, கிட்டத்தட்ட 30 சதவீதம். சாதாரணக் கட்டையில் அது 216க்கு 1. முதல் உருட்டிலேயே 1000 விழத் தொடங்கினால் ஆட்டம் சலித்துவிடும், நான் எச்சரித்துவிட்டேன்.

ஆனால் ஒரே ஒரு எடைக்கட்டை வைத்து ஆடுவதில் ஒரு கலை இருக்கிறது. எடைக்கட்டையிலும் 1, சாதாரணக் கட்டையிலும் 1 விழுந்தால் எதை ஒதுக்குவீர்கள்? இரண்டும் 100தான், ஆனால் ஒதுக்க வேண்டியது சாதாரணத்தை. எடைக்கட்டை கையில் இருக்கட்டும். அது தனியாக மிஞ்சினாலும் 1 அல்லது 5 விழ 73 சதவீத வாய்ப்பு. அதாவது ஒற்றையாக நிற்கும் ஒரு எடைக்கட்டை, புஸ் ஆபத்தில் மூன்று சாதாரணக் கட்டைக்குச் சமம். அதோடு அது விழுந்தால் ஆறும் திரும்பக் கைக்கு வரும். ஒற்றைக் கட்டைக்குச் சொன்ன 250 எல்லையை அப்போது தாராளமாக மறந்துவிடலாம். ஒவ்வொரு உருட்டுக்குப் பிறகும் உங்கள் விசேஷக் கட்டை எங்கே கிடக்கிறது என்று கண் வைத்திருங்கள்.

ஒற்றைப்படைக் கட்டையும் மோசமில்லை. 1, 3, 5 மூன்றும் அதிகம் விழும், 1 அல்லது 5 விழும் வாய்ப்பு பாதியைத் தாண்டும். இரட்டைப்படைக் கட்டையை யாராவது பரிசாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 2, 4, 6 மூன்றும் தனியாக விழுந்தால் மரத்துண்டு என்று முன்பே பார்த்தோம்.

இரண்டாம் பாகத்தில்

2025 பிப்ரவரி 4 அன்று வெளியான இரண்டாம் பாகத்திலும் இதே ஆட்டம்தான், புள்ளிக் கணக்கும் இதேதான். கதை ட்ரோஸ்கி கோட்டைப் பக்கம் தொடங்கி, க்ரோஷன் பிறந்த இடமான குட்டன்பெர்க் நகரத்துக்குப் போகிறது. குட்னா ஹோராவின் ஜெர்மன் பெயர்தான் அது. ஹென்றி திரும்பவும் கையில் ஒன்றுமில்லாத நிலையிலிருந்து தொடங்குகிறான், அதனால் பகடை மேசை மறுபடி கைகொடுக்கும்.

புதிதாக வந்திருப்பவை இரண்டு. ஒன்று பிசாசுத்தலைக் கட்டை. அதில் 1 இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிசாசின் தலை. அது ஜோக்கர் மாதிரி, சேர்க்கைகளில் எந்த எண்ணாகவும் நிற்கும். தனியாக விழுந்தால் புள்ளி கிடையாது. ஆறு கட்டை உருட்டும்போது அது வரம், கையில் ஒன்றிரண்டு கட்டை மிஞ்சும்போது பாரம். எடைக்கட்டைக்கு நேர் எதிராக, இதை முதல் வாய்ப்பிலேயே ஏதாவது சேர்க்கையில் ஒதுக்கிவிடுங்கள்.

மற்றது பதக்கங்கள். தகரம், வெள்ளி, தங்கம் என்று தரம் உண்டு. தொடக்கத்தில் கொஞ்சம் புள்ளி முன்னதாகக் கொடுப்பது, ஒரு கட்டையை மறுபடி உருட்ட விடுவது, புஸ் ஆன உருட்டைத் திரும்பப் போட விடுவது என்று பல வகை. புஸ்ஸைத் திரும்பப் போட விடும் பதக்கம் கையில் இருந்தால், அது செலவாகும்வரை எல்லாக் கட்டை எல்லைகளையும் கணிசமாக உயர்த்திக்கொள்ளலாம். செலவான மறு நிமிடமே பழைய எல்லைக்குத் திரும்பிவிடுங்கள். நான் இதை மறந்துபோய் இரண்டு ஆட்டம் தோற்றிருக்கிறேன்.

தச்சன் பதக்கம் என்று ஒன்று இருக்கிறது. அது இருந்தால் 3, 5 இரண்டும் சேர்ந்து விழுவது தனிச் சேர்க்கை ஆகிவிடும். தூக்கிலிடுபவன் பதக்கத்துக்கு 4, 5, 6. பூசாரிப் பதக்கத்துக்கு 1, 3, 5. மரத்துண்டு என்று நாம் தூக்கிப் போட்ட 3க்கும் 4க்கும் 6க்கும் அப்போது விலை வந்துவிடும். எதிராளி இப்படி ஒரு பதக்கம் வைத்திருந்தால், அவன் ஏன் அந்த அற்ப 3ஐ எடுத்து ஒதுக்குகிறான் என்று குழம்பாதீர்கள். ஆட்டம் தொடங்கும் முன் அவன் எந்தப் பதக்கத்தோடு உட்கார்கிறான் என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் பணயம் வையுங்கள்.